டி&டி-க்குச் சொந்தமாக ஒரு கிளாஸ் செய்வது எப்படி (என் ‘உருவாடி’ உடைந்த கதையோடு)

வெள்ளவத்தையில் ஒரு நண்பனின் ஃபிளாட்டில் ஞாயிறு பின்னேரங்களில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) விளையாடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையும் சண்டையுமாகப் போகும் மேசை விளையாட்டு இது. ஆட்டத்தை நடத்துவது நான். ஒருநாள் ஒருவன் கேட்டான்: “மச்சான், கோயில்ல உரு வந்து ஆடுறாங்களே, அப்பிடி ஒரு ஆளா நான் விளையாடலாமா?”

விதிநூலில் இருக்கும் 12 கிளாஸ்களில் (பாத்திர வகைகளில்) ஒன்றும் சரிவரவில்லை. பார்பேரியன் கிட்ட வருகிறான், ஆனால் அவனுக்கு வருவது கோபம், உரு அல்ல. சரி, ‘உருவாடி’ என்று ஒரு கிளாஸை நாமே செய்வோம் என்று இறங்கினேன். (‘வகுப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், பள்ளிக்கூட மணி கேட்கிறது. கிளாஸ் என்றே விடுகிறேன்.)

நாங்கள் விளையாடுவது 2014 இன் ஐந்தாம் பதிப்பு. அதன் அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியாகின. இலவசம். முதலில் அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆள் சண்டையில் என்ன செய்வான்?

ஒரே வரியில் எழுதுங்கள். பூர்வீகக் கதை, உடுப்பு, ஊர்ப்பெயர் எல்லாம் அப்புறம். என் வரி: “மெதுவாகத் தொடங்கி, ஏறி, உச்சத்தில் விழுவான்.” ஆடிவேலுக்குக் காலி வீதியில் காவடி ஆடுபவர்களைப் பார்த்தால் புரியும். மேளம் ஏற ஏறத்தான் ஆட்டம் ஏறும், கடைசியில் யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, “சாமி விசயத்தில விளையாடாத” என்றார். நியாயம்தான். அதனால் எந்தத் தெய்வத்தின் பெயரும் வைக்கவில்லை. உரு வருவது கையிலிருக்கும் வேலிலிருந்து.

படி 2: எலும்புக்கூட்டைக் கடன் வாங்குங்கள்

இதில் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். உயிர்ப்புள்ளிக்கு ஃபைட்டரின் (போர்வீரன் கிளாஸின்) டி10, அதாவது பத்துப் பக்கப் பகடை. சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) இரண்டு: அடிக்கடி தேவைப்படுவது ஒன்று, அரிதாகத் தேவைப்படுவது ஒன்று. நான் எடுத்தது ஞானமும் வலிமையும். லெவல் 5இல் இரண்டாவது அடி. அவ்வளவுதான்.

படி 3: கணக்கு (நான் விழுந்த குழி)

முதல் வரைவு இது: நீண்ட ஓய்வு (ஆட்டத்தில் ஒரு இரவுத் தூக்கம்) ஒன்றுக்கு இரண்டு தடவை உரு வரும், வந்தால் சண்டை முடியும்வரை ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக 2டி6 (ஆறு பக்கப் பகடை இரண்டு).

லெவல் 3இல் பெரிய வாள் வைத்த ஃபைட்டரின் அடி சராசரி 10 (2டி6 க்கு 7, வலிமைக்கு 3). என் ஆளின் வேல் 6.5 (1டி6 க்கு 3.5, வலிமைக்கு 3), உரு வந்தால் 13.5. விதிநூல் ஒரு நாளில் 6 முதல் 8 சண்டைகள் வரை தாங்கும் என்று எண்ணி எழுதப்பட்டது. ஆறில் இரண்டு உருவோடு, நான்கு வெறும் வேலோடு என்று கணக்கிட்டால் சராசரி 8.8 சொச்சம். ஃபைட்டரைவிடக் குறைவு. பாவம் என்று இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கவும் இருந்தேன்!

மேசையில் நடந்தது வேறு. எங்களுக்குக் கிடைப்பது மூன்று மணித்தியாலம். அதில் ஒரு மணி ரோல்ஸுக்கும் தேத்தண்ணிக்கும் போய்விடும். ஆட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு. அதாவது அவன் எப்போதும் 13.5. ஃபைட்டர் விளையாடிய தங்கச்சி மூன்றாவது ஞாயிறு போனை எடுத்து நோண்டத் தொடங்கிவிட்டாள்.

உரு கலைந்ததும் களைப்பு வரும் என்று ஒரு தண்டனை வைத்துப் பார்த்தேன். பலனில்லை. சண்டை முடிந்தால் தூங்கப் போகிறவனுக்குக் களைப்பு என்ன செய்யும்?

ஆகவே விலையைச் சண்டைக்கு உள்ளேயே கொண்டுவந்தேன். தொடக்கத்தில் உரு 0. அவன் அடித்த அடி எதிரிமேல் விழுந்தால் சுற்று முடிவில் 1 ஏறும். ஒவ்வொரு உருவுக்கும் அடியோடு 1டி6. இரண்டு உருவோடு அடித்த பின் உரு கலைந்து 0 ஆகும், அவனுடைய அடுத்த முறை வரும்வரை அவனை அடிப்பவர்கள் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்வார்கள். எல்லா அடியும் விழுந்தால் மூன்று சுற்றில் 6.5, 10, 13.5. சராசரி சரியாக 10. ஒரு நாளில் ஒரு சண்டை என்றாலும் எட்டு என்றாலும் அதே கணக்குத்தான்.

உங்கள் மேசையில் ஒரு ‘நாளைக்கு’ எத்தனை சண்டை என்று மூன்று வாரம் எண்ணிவிட்டு எழுதத் தொடங்குங்கள். நான் எண்ணவில்லை.

படி 4: விளையாடிப் பாருங்கள்

சதுரக் கொப்பியும் பென்சிலும் போதும். பகடைச் சராசரிக்கு எனிடைஸ் தளம் நல்லது. ஹோம்ப்ரூவரி என்ற தளத்தில் எழுதினால் அசல் புத்தகம் மாதிரியே வரும், அதனாலேயே ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். அழகாக அச்சடித்துவிட்டால் வெட்ட மனம் வராது. நான் முதல் வரைவைக் கலரில் பிரின்ட் போட்டவன், சொல்கிறேன்.

பிற்சேர்க்கை 1: அடி தவறினால் உரு ஏறாதே, பகடை சரியில்லாதவன் சும்மாவா இருப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. இப்போது எதிரியிடம் அடி வாங்கினாலும் ஏறும். ஆனால் சுற்றுக்கு ஒன்றுதான்.

பிற்சேர்க்கை 2: மேலே ‘எதிரியிடம்’ என்ற சொல் முதலில் இருக்கவில்லை. அடுத்த ஞாயிறே நம்மாள், கதவை உடைத்து உள்ளே போகுமுன் தன்னைக் கன்னத்தில் இரண்டு அறை அறையும்படி மந்திரவாதியைக் கேட்டான். உரு 2. சிரித்து முடிந்ததும் சொல்லைச் சேர்த்தேன். இனிஷியேட்டிவ் (சண்டை தொடங்கும்போது யார் முதலில் என்று பார்க்கும் பகடை) உருட்டிய பிறகுதான் உரு ஏறும் என்றும் எழுதினேன்.

லெவல் 5க்கு மேல் இன்னும் சோதிக்கவில்லை. இரண்டாவது அடி வந்ததும் உரு எப்படி ஏறவேண்டும் என்று கொப்பியில் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று நிலைத்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.