டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டினேன்

என் பழைய காரில் பாட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டராக, பழைய வகையான டைனமோதான் இருந்தது. இரவில் சிக்னலில் நின்றால் முகப்பு விளக்கு மங்கும், சார்ஜ் விளக்கு சிவப்பாக எரியும். புது பாட்டரியும் தேறவில்லை.

காரணம் வேகம். டைனமோவில் மின்சாரம் உண்டாவதே சுழலும் கம்பிச்சுற்றான ஆர்மேச்சரில். அத்தனை ஆம்பியரும் கம்யூட்டேட்டர் (ஆர்மேச்சரோடு சுழலும் செம்புப் பட்டைகள்), அதை உரசும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கனமான அந்தச் சுற்றுகளை மிதமிஞ்சிச் சுழற்றினால் கம்பிகள் பிய்ந்து வெளியே வந்துவிடும். அதனால் பெரிய புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) போட்டு மெதுவாக ஓட்டினார்கள். வண்டி நின்று என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் அது சார்ஜ் செய்வதே இல்லை. புது வகை ஜெனரேட்டரான ஆல்டர்னேட்டரில் மின்சாரம் உண்டாகும் கம்பிச்சுற்று வெளியே அசையாமல் இருக்கிறது. சுழல்வது காந்தப்புலச் சுருள் மட்டுமே, அதன் பிரஷ்களில் ஓடுவது சில ஆம்பியர்தான். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கும் அஞ்சாது.

மெக்கானிக் பழைய புல்லியையே ஆல்டர்னேட்டரில் பொருத்தப் பார்த்தார். நான் விடவில்லை. என்ஜின் தண்டில் உள்ள கிராங்க் புல்லி 130 மி.மீ., டைனமோ புல்லி 85. என்ஜின் 700 சுற்றில் ஓடும்போது அந்தப் பழைய புல்லி தருவது சுமார் 1,070 சுற்று. 62 மி.மீ. புல்லி போட்டதும் ஏறக்குறைய 1,470 ஆனது.

டைனமோவின் வோல்டேஜைக் கட்டுப்படுத்திய பழைய ரெகுலேட்டர் பெட்டிக்கு இனி வேலையில்லை. பாட்டரிக்குப் போகும் வயரைத் தடிமனாக மாற்றினேன். வண்டி பாசிட்டிவ் எர்த்தா (பாட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறதா) என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றி இணைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடுகள் நொடியில் கருகிவிடும்.

இப்போது விளக்கைப் போட்டு ஐடிலிங்கில் நின்றாலும் மீட்டர் 13.8 வோல்ட் காட்டுகிறது.