ஒரே ஜன்னலில் பல திரைகள்: டிகின்டர் வழி

தோவாளைப் பூக்கடைக்கு பைத்தானின் ஜன்னல் அமைக்கும் தொகுப்பான டிகின்டரில் பில் மென்பொருள் எழுதினால், பில், பாக்கி, கொள்முதல் ஒவ்வொன்றுக்கும் தனி ஜன்னல் வேண்டாம். மூன்று திரைக்கும் தனித்தனி ஃபிரேம் (பெட்டி, பொத்தான்களைத் தாங்கும் சட்டம்) அமைத்து, மூன்றையும் ஒரு தாய் ஃபிரேமுக்குள், கிரிடின் (வரிசை, நெடுவரிசையாக இடம் பிரிக்கும் முறை) வரிசை 0, நெடுவரிசை 0 என்ற ஒரே கட்டத்தில் அடுக்குங்கள். ஸ்டிக்கியில் (கட்டத்தின் எந்த ஓரங்களில் ஒட்ட வேண்டும் என்பது) நான்கு திசையும், தாய் ஃபிரேமின் அந்த வரிசை, நெடுவரிசை இரண்டுக்கும் வெயிட் (மிச்ச இடத்தில் பங்கு) 1-ம் கொடுங்கள். ஸ்டிக்கியை விட்டால் சின்னத் திரைக்குப் பின்னால் பெரியதன் ஓரம் எட்டிப் பார்க்கும். வேண்டிய திரையை டிகேரைஸ் (tkraise) கட்டளை மேலே கொண்டுவரும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கர்சரோ பழைய திரையிலேயே கிடக்கும். பிச்சிப்பூ எடை 2.5 என்று அடித்தால், மறைந்திருக்கும் பாக்கித் தொகையில் போய் விழும்! திரை மாறியதும் எடைப் பெட்டிக்கு ஃபோகஸ் செட் (focus_set) கொடுத்து கர்சரை அங்கே கொண்டுவாருங்கள். டேப் விசையும் மறைந்த பெட்டிகளுக்குள் நுழையும்; அதனால் மற்ற ஃபிரேம்களை கிரிட் ரிமூவ் (grid_remove) செய்து கட்டத்திலிருந்தே எடுத்துவிடுவதே மேல். அப்போது ஜன்னல் அளவை ஜியோமெட்ரி (geometry) கட்டளையில் நிலையாக்குங்கள், இல்லையென்றால் திரைக்குத் திரை சுருங்கி விரியும்.