குழந்தையின் அருகே அமர்ந்து அச்சமின்றி மகிழ

உறங்கும் குழந்தையின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று நள்ளிரவில் விளக்கைப் போட்டுப் பார்க்காத பெற்றோர் அரிது. அந்த முகத்தைக் கண்டு மனம் நிறைந்த மறு நொடியே, ‘இதற்கு ஏதாவது ஆகிவிட்டால்?’ என்ற எண்ணம் எழுகிறது. மகிழ்ச்சி பொங்கும் வேளையிலேயே மனம் இழப்பை ஒத்திகை பார்க்கும் இந்த வழக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் பிரேனே பிரவுன் எழுதியிருக்கிறார். ‘ரொம்பச் சிரிக்காதே, அப்புறம் அழுவாய்’ என்று கேட்டு வளர்ந்த நமக்கும் இது பழகிய அச்சம்தான்.

முதலில், எச்சரிக்கையையும் அச்சத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வயது வரை குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பதும், அமுங்காத மெத்தையைப் பயன்படுத்துவதும், தலையணையையும் கனத்த போர்வையையும் தவிர்ப்பதும் எச்சரிக்கை. இவற்றைச் செய்து முடித்த பிறகும் நெஞ்சில் தங்கும் பதற்றம் குழந்தைக்குக் காவல் ஆகாது. முன்கூட்டியே துயரப்பட்டு வைத்தால் பின்னால் வலி குறையும் என்று நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். என் தந்தை மறைந்தபோது அந்த ஒத்திகைகளில் ஒன்றுகூட உதவவில்லை. அவர் நலமாக இருந்த மாலைகளில், அவர் அருகில் அமர்ந்திருந்தும், நான் கவலையிலேயே இருந்துவிட்டேன் என்பதுதான் இன்றுவரை வலிக்கிறது.

அச்சம் எழும்போது அதை விரட்ட முயலாதீர்கள். ‘இவளை இவ்வளவு நேசிப்பதால்தான் பயப்படுகிறேன்’ என்று மனத்துக்குள் சொல்லி, மூச்சை மெல்ல நீளமாக வெளியே விடுங்கள். பிறகு கண்முன் இருப்பதற்குத் திரும்புங்கள்: உச்சந்தலையின் மணம், உங்கள் விரலைப் பற்றியிருக்கும் சின்னஞ்சிறு கையின் சூடு, உறக்கத்தில் சுழிக்கும் உதடு. ஒரு நிமிடம் போதும். நாள்தோறும் செய்தால் பழகும்.

இதைவிடக் கடினமானது, வாய்விட்டுச் சொல்வது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதையும், ‘இன்று நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்பதையும் துணையிடமோ அம்மாவிடமோ சொல்லிப் பாருங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும். கண் பட்டுவிடும் என்று பாட்டி அஞ்சினால், உப்பும் மிளகாயும் சுற்றிப் போடட்டும், அதுவும் அன்புதான். ஆனால் சுற்றிப் போட்ட பிறகு வீடு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்.

பிள்ளை பெற்ற தாய்க்கு இந்தப் பதற்றம் இரண்டு வாரங்களைத் தாண்டியும் நீடித்தாலோ, குழந்தை உறங்கும்போதும் அவரால் உறங்க முடியாவிட்டாலோ, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல், எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.