வெள்ளத்தில் போன தடுப்பூசிப் புத்தகம்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, மகனின் தடுப்பூசிகளைப் பதியும் ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகமும் கூழாகிப் போனது. சில மாதங்களில் பள்ளிச் சேர்க்கை. போலியோ, தட்டம்மை, காசநோய், டிப்தீரியா, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகளுக்குச் சான்று வேண்டும்.

ஊசிகளை ஒரு தனியார் மருந்துக்கடை கிளினிக்கில்தான் போட்டிருந்தோம். கணினியில் தேடிவிட்டு, “இந்தப் பெயரில் யாரும் இல்லை” என்றார்கள். வயிறு கலங்கியது. மறுநாள் வேறொரு சிஸ்டர் இருந்தார். “அம்மா, பர்த் சர்டிபிகேட் இருக்கா?” என்று கேட்டு, அதிலிருந்த 13 இலக்க ஐடி எண்ணைத் தட்டினார். உடனே வந்துவிட்டது! கோவிந்தசாமி என்ற எங்கள் குடும்பப் பெயரில் யாரோ ஓர் எழுத்தை விட்டிருக்கிறார்கள். நம் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதும் ஊரில் பெயரை வைத்துத் தேடவே கூடாது, எண்தான் சரி.

தேதி, பேட்ச் எண்ணுடன் அச்செடுத்துக் கொடுத்தார். 12 மாதத்தில் போடவேண்டிய தட்டம்மை ஊசி மட்டும் பதிவில் இல்லை. போட்டதாக எனக்கு ஞாபகம், ஆனால் எழுத்தில் இல்லையே. இன்னொரு முறை போட்டால் கெடுதல் இல்லை என்று சிஸ்டர் சொன்னதால் அரசு கிளினிக்கில் இலவசமாகப் போட்டுக்கொண்டோம். அங்கேயே புதுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி முத்திரை குத்தினார்கள்.

சான்று இல்லாவிட்டால், ஊசி போடும் வழியைப் பள்ளி முதல்வர் சொல்லவேண்டும் என்பதே சேர்க்கை விதி. இது அப்போதே தெரிந்திருந்தால் இரண்டு இரவு தூங்கியிருப்பேன்.

அப்புறம், ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். அக்காவின் போனிலும் ஒரு பிரதி இருக்கிறது.