மளிகைக் கடையில் ஆள் நிலைக்க வேண்டுமா?

வேலூரில் மளிகைக் கடை வைக்கப் போகிறீர்களா? சரக்குக்கு முன்னால் ஆளைப் பாருங்கள். ஆரணி அரிசி எந்தக் கடையிலும் கிடைக்கும். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பம் கடுகெண்ணெய் கேட்டால், அவர்கள் பேச்சிலேயே விலை சொல்லி எடுத்துக் கொடுக்கிற பையன் லேசில் கிடைக்க மாட்டான்.

முதலில் உட்கார இடம். கல்லா பக்கம் ஒரு ஸ்டூல், பொட்டலம் கட்டுகிற இடத்தில் ஒரு பெஞ்சு. 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து தமிழ்நாட்டில் இது கட்டாயம். நம்மூர் கத்திரி வெயிலில் மூட்டை இறக்கியவரை உட்காரச் சொல்லச் சட்டமா வேண்டும்? சரக்கு வண்டியையும் வெயில் ஏறுவதற்குள் வரச் சொல்லிவிடுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் பதிவு. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு, சம்பளத்தில் அவர்கள் பங்கு 0.75 சதவீதம், நம் பங்கு 3.25. ஒன்பதோடு நிறுத்தச் சொல்லி யோசனை சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். காப்பீடு இல்லாமல் பிரசவம், ஆபரேஷன் என்று வந்தால் கைமாற்றுக்கு உங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

தீபாவளி போனஸை முன்னாடியே கொடுங்கள். கடைசி நாளில் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க எங்கே நேரம்?

அப்புறம் உங்கள் வீடு. மதியம் வியாபாரம் மந்தம்தான். சாவியை மூத்த ஆளிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். லீவில் மகன் கடைக்கு வந்தால் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். சாக்குப் பிரிக்கட்டும், வேலை செய்பவரை ‘அண்ணே’ என்று கூப்பிடட்டும்.