மரத்தை இறுக்கும் இரும்புக் கூண்டு: வெட்டும்போது செய்யக் கூடாதவை

சாலையோரத்தில் கன்று நடும்போது யாரும் ஒடித்துவிடக் கூடாது, வண்டி உரசிவிடக் கூடாது என்று சுற்றி ஒரு இரும்புக் கூண்டு போடுகிறார்கள். சில வருடங்களில் அதன் வேலை முடிந்துவிடும். அப்போதே நாலு போல்ட்டைக் கழற்றியிருந்தால் கதை முடிந்தது, ஆனால் நடுவதற்கு இருக்கிற ஆள் கழற்றுவதற்கு இருப்பதில்லை. மரம் வளர வளரக் கூண்டும் மேலே ஏறிவிடும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். ஏறாது. மரம் உயர்வது நுனியில்தான், அடிமரம் பருக்க மட்டுமே செய்யும். நெஞ்சுயரத்தில் இருக்கிற வளையம் இருபது வருடம் கழித்தும் அதே நெஞ்சுயரத்தில், இன்னும் இறுக்கமாக இருக்கும்.

அந்த இறுக்கம் ஏன் மோசம் என்றால், இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்கு இறங்குவது பட்டையின் உள்பக்கம் வழியாக. சுற்றிலும் அதை நெரித்தால் மேலே சத்து தேங்கி மரம் வீங்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும். வளையத்துக்கு மேலே தடித்தும் கீழே ஒல்லியாகவும் ஒரு மரத்தைப் பார்த்தால் இதுதான் காரணம். அதனால் கூண்டை வெட்டத்தான் வேண்டும். ஆனால் அவசரமாக வெட்டி, கூண்டு இத்தனை வருடத்தில் செய்யாத சேதத்தைப் பத்தே நிமிடத்தில் செய்துவிடுகிறவர்கள் உண்டு.

முதல் தவறு, வந்ததும் இரும்பு அறுக்கிற கிரைண்டரைத் தூக்குவது. தெரு மரம் உங்களுடையது இல்லை, பெரும்பாலும் நகர நிர்வாகத்துடையது, ஆகவே முதலில் அனுமதி. பல இடங்களில் சொன்னால் அவர்களே ஆள் அனுப்புவார்கள், அது இன்னும் நல்லது. அப்புறம் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். விழாவுக்குக் கட்டிய சீரியல் லைட் ஒயர், கேபிள், விளம்பரத் தட்டி கட்டிய கம்பி எல்லாம் கூண்டோடு பின்னிக்கிடக்கும். எந்த ஒயரில் மின்சாரம் வருகிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, அதனால் இணைப்பைத் துண்டிக்காமல் பக்கத்தில் இரும்பை வெட்டாதீர்கள். குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள், கிரைண்டர் அதிர்வில் அவை சும்மா இருக்காது. கூண்டு இறுகிய இடத்தில் மரம் குழிந்து, வெடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அந்த இடம் முறியக்கூடியது.

இரண்டாவது, கடப்பாரையை விட்டு நெம்புவது. நெம்பும்போது கடப்பாரை எதன் மேல் ஊன்றி நிற்கிறது? பட்டையின் மேல்தான். புதுத் தளிர் விடும் காலத்தில் பட்டைக்கு அடியில் ஈரம் அதிகம், லேசாக நெம்பினாலே உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை உரிந்து வந்துவிடும். கயிறு கட்டி வண்டியால் இழுப்பதைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

கேஸ் கட்டிங், அதாவது கேஸ் தீயால் இரும்பை அறுப்பது, கூடவே கூடாது. சீக்கிரம் முடியும்தான், ஆனால் பட்டைக்கு அடியில் இருக்கிற உயிருள்ள அடுக்கு சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே செத்துப்போகும். வெளியே கருகின தடம்கூடத் தெரியாமல் உள்ளே வெந்திருக்கும், சில மாதம் கழித்துப் பட்டை தானாகக் கழன்று விழும்போதுதான் தெரியும். போதாக்குறைக்குத் துத்தநாகம் பூசிய இரும்பு என்றால், சூட்டில் வரும் புகை உங்கள் நெஞ்சுக்கும் கெடுதல்.

மெல்லிய கம்பிவலை என்றால் போல்ட் கட்டரே போதும், கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், அறுந்த கம்பி முனை எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பட்டையை ஒட்டிய இடங்களுக்கு ஹாக்ஸா பிளேடு, கையால் இரும்பு அறுக்கிற ரம்பம். மெதுவாகப் போகும், கை வலிக்கும், ஆனால் மரத்துக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. தடித்த, தட்டையான இரும்புக் கம்பிக்குத்தான் கிரைண்டர், அதிலும் பேட்டரியில் ஓடுவது நல்லது, நடைபாதையில் ஒயர் இழுக்க வேண்டியதில்லை. நாலு இன்ச் கிரைண்டரின் கட்டிங் வீல் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் சுற்றுகிறது. அதன் மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய வீலை மாட்டுவது, ஒரு கையால் பிடிப்பது, வெட்டுக்குள் இருக்கும்போதே திருப்புவது, தோளுக்கு மேல் தூக்கி வெட்டுவது, இவற்றில் எதைச் செய்தாலும் வீல் உடையலாம், இல்லையென்றால் மெஷின் துள்ளி உங்கள் மேல் வரலாம். ஏணியை அதே மரத்தில் சாய்த்து நின்று வெட்டுவதும் இதே ரகம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், மாஸ்க் போடுங்கள்.

மரத்தைக் காப்பாற்ற ஈரச்சாக்கைச் சுற்றிவிட்டு கிரைண்டர் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் சாக்கின் ஒரு நூலை வீல் கவ்வினால் போதும், முழுச் சாக்கையும் சுருட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் மெல்லிய தகரத்தை இரும்புக்கும் பட்டைக்கும் நடுவில் செருகுங்கள். தகரம் நுழையாத இடத்தில் கிரைண்டருக்கும் வேலை இல்லை. அடியில் கிடக்கும் காய்ந்த சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு மண்ணை நனையுங்கள், ஒரு வாளி தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மரப்பொந்துக்குள் போன தீப்பொறி உடனே காட்டிக்கொடுக்காது, முடித்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருந்து பாருங்கள்.

இனி, எங்கே வெட்டுவது என்பது. இதில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். பருத்த மரம் கூண்டை உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு கம்பியும் வில் போல விறைத்து நிற்கிறது. நேர் எதிரில் முகத்தை வைத்துக்கொண்டு மேல் வளையத்தை அறுத்தால், கடைசி நூலிழை இருக்கும்போதே ‘டங்’ என்று பிளந்து, முனை ஒரு சாண் வெளியே வந்து நிற்கும். அதனால் முதலில் கூண்டை இரண்டு மூன்று இடத்தில் தளர்வாகக் கயிறு போட்டுக் கட்டுங்கள், பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள். போல்ட் போட்டு இணைத்த கூண்டு என்றால் துருப்பிடித்த போல்ட்டை அறுப்பதே சுலபம், அது மரத்திலிருந்து தள்ளி இருக்கும். இல்லையென்றால் இறுக்கம் குறைந்த வளையத்தில் தொடங்கி, இறுக்கமானதைக் கடைசியில் வெட்டுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் வெட்டி இரண்டு பாதியாக்கினால் பெரும்பாலும் தானே விழும். வழிப்போக்கர்கள் வராமல் பார்க்க ஒரு ஆள் தனியாக வேண்டும்.

சரி, இரும்பு மரத்துக்குள்ளேயே போய்விட்டது, பட்டை உதடு போல அதன் மேல் மடிந்து மூடிவிட்டது என்றால்? அதைத் தோண்டி எடுக்காதீர்கள். உளி வைத்துக் கொத்தி அந்தத் துண்டை வெளியே எடுத்தால் பார்க்கத் திருப்தியாக இருக்கும், மரத்துக்கு அது புதுக் காயம். வெளியே தெரிகிறதைப் பட்டையை ஒட்டி அறுத்துவிட்டு, உள்ளே போனதை உள்ளேயே விடுங்கள். வளையம் தொடர்பு அறுந்துவிட்டதால் இனி அது இறுக்காது, மரம் அதன் மேல் வளர்ந்து மூடிக்கொள்ளும்.

வெட்டி முடித்ததும் காயத்தில் பெயின்ட், தார், சிமென்ட் என்று எதையாவது பூசியே ஆக வேண்டும் என்று ஒரு கை துறுதுறுக்கும். எதுவும் பூசாதீர்கள். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டியது இதைத்தான்: கெட்ட பகுதியைச் சுற்றி மரமே சுவர் எழுப்பி ஒதுக்கிவிடுகிறது, பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை.

கூண்டின் கால்கள் கான்கிரீட்டில் நின்றால் தோண்ட வேண்டாம். கீழே வேர் இருக்கும், சில இடத்தில் மின்கேபிளும் போகும். தரை மட்டத்துக்கு அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள், விரல் நீளம் விட்டுவைத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

உள்ளே இரும்பு விட்ட மரம் என்றால், எந்த உயரத்தில் விட்டீர்கள் என்று படம் எடுத்து மரத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். என்றைக்காவது அந்த மரத்தில் சங்கிலி ரம்பம் வைக்கப்போகிறவருக்கு அது தெரியாவிட்டால், இரும்பில் பட்டு அறுகிற சங்கிலி அவர் மேலேயே பாயலாம்.