சென்னைத் துறைமுக வரலாறு: எழுதப் புகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் இரண்டு மாணவர்களின் கட்டுரையைப் படித்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் செய்த அதே பிழை, வரி மாறாமல் இருந்தது. ஆண்டு பிசகுவது, பெயரில் எழுத்து மாறுவது எல்லாம் ஒரு தடவை சரிபார்த்தால் போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மதராஸ் தொடங்கிய 1639-லேயே துறைமுகம் இருந்தது என்று நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. கண்காட்சி ஒன்றுக்காகப் பெரிய பலகையில் புனித ஜார்ஜ் கோட்டையை வரைந்து, அதன் வாசலிலேயே மூன்று கப்பல்களைக் கட்டி நிறுத்தியிருந்தேன். பார்க்க வந்த ராயபுரத்துப் பெரியவர் ஒருவர், மீன்பிடித் தொழிலில் பழுத்தவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "தம்பி, இங்க அலை மடங்கி அடிக்கும். கப்பல் எப்படி நிக்கும்?" என்றார். அத்தனை பலகைகளையும் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனி இறங்கிய இடம் வெறும் திறந்த கடற்கரை. கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரை சேரும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது; அலை மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். கடிதங்களைக் கட்டுமரக்காரர்கள் கூம்புத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு போவார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் மதராஸ் வாணிகம் இந்தக் கைகளில்தான் நடந்தது. கப்பலைக் கரையில் கட்டி வரைந்தபோது, அந்தப் படகோட்டிகளை நான் வரலாற்றிலிருந்தே அழித்துவிட்டேன்.

கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் 1861-ல்தான் வந்தது. 1870-களில் அலைதடுப்புச் சுவர்கள் எழும்பின. முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்தது. கிழக்கு பார்த்த வாயிலை மூடி வடகிழக்கில் புது வாயில் அமைந்தது துறைமுகம் பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பில் இருந்த காலத்தில், அதாவது இருபதாம் நூற்றாண்டில்.

மணலை மறப்பது

இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. ஒரு காலத்தில் கோட்டைக்கு மிக அருகிலேயே கடல் இருந்தது. இன்றைய கரையை வைத்து அன்றைய படம் வரையாதீர்கள்.

வராகனை ரூபாய் என்று படிப்பது

பழைய மதராஸ் கணக்குகளில் வரும் வராகன் ஒரு பொன் நாணயம். நட்சத்திர வராகன் ஒன்று, மூன்றரை ரூபாய்.

இந்தக் கரையின் கடல் வாணிகத்தை ஐரோப்பியரோடு தொடங்குவது

வேண்டாம். நாகப்பட்டினம் சோழர் காலத்துத் துறை.

தூத்துக்குடியில் மட்டும் கப்பல் கரையிலேயே நின்றது என்று நினைப்பது

அங்கே ஆழம் குறைவு. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் நீராவிக் கப்பல்கள் பல மைல் தள்ளித்தான் நின்றன. கொழும்புக்குப் போகிறவர்கள் படகில் போய்த்தான் கப்பல் ஏறினார்கள்.